அப்புறம் வா

பள்ளிக்கூடத்துக்குப் பெரிய போர்டு வந்த வாரத்தில்தான் கண்ணாடிக்காரரின் மகள் பேச்சை நிறுத்தினாள்.

போர்டு என்றால் கரும்பலகை இல்லை. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் டிவி மாதிரி ஒன்று. விரலால் தொட்டால் எழுதும், துடைத்தால் அழியும், படம் காட்டும், பாட்டும் பாடும். அது வருவதற்கு முன்பே அதைப் பற்றி ஏகப்பட்ட ஆர்ப்பாட்டம். ஹெச்.எம். அம்மா பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இனிமேல் பிள்ளைகள் பாடத்தைக் கேட்க மாட்டார்கள், பார்ப்பார்கள் என்று பெருமையாகச் சொன்னார். இத்தனை நாளும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். போர்டை மாட்ட வந்தவர்கள் ஏணியை ஜன்னலில் இடித்து ஒரு கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். அதை மாற்றிக் கொடுத்தவர் நம் கண்ணாடிக்காரர்தான். சட்டத்தின் ஓரத்தில் கண்ணாடியை ஒட்டும் புட்டிப் பசையைக் கட்டை விரலால் அழுத்தி வழித்துக்கொண்டே அந்தப் போர்டை ஓரக்கண்ணால் பார்த்தார். அணைந்து கிடந்த அதில் அவர் முகமும் ஏணியும் தெரிந்தன. நல்ல கண்ணாடி என்று நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மகளுக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. வீட்டிலும் தெருவிலும் அவளுக்குச் சில்லு என்றுதான் பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். அப்பா வைத்த பெயர். வளர்ந்த பிறகு அவள் வாய்க்கு அது இன்னும் நன்றாகப் பொருந்திப்போனது. பள்ளி விட்டு வந்தால் பை ஒரு மூலையில், செருப்பு ஒரு மூலையில், பேச்சு மட்டும் வீடு முழுக்க. யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் என்ன புடவை, வாட்ச்மேன் எப்படிக் கொட்டாவி விட்டார் என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் சோறு இறங்கும்.

அன்றைக்கு வந்தவள் பையை ஆணியில் மாட்டினாள். செருப்பைச் சோடி சேர்த்து வைத்தாள். அதைப் பார்த்ததுமே அத்தை அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். அத்தை என்றால் கண்ணாடிக்காரரின் அக்கா. தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறவள். சில்லுவின் அம்மா போன பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். "காய்ச்சலா, வயித்து வலியா, யாராவது அடிச்சாங்களா?" என்று வரிசையாகக் கேட்டாள். முட்டை பொரித்துப் போட்டாள். அது தட்டிலேயே ஆறிப்போனது. பெண் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமையலறைத் தரை கொஞ்சம் வேடிக்கையானது. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போல ஓடு பதித்திருக்கும். நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் பச்சை. எப்போதோ ஒரு ஓடு உடைந்தபோது அதே மாதிரி கிடைக்காமல், எங்கோ வேலை முடித்த இடத்தில் மிச்சம் கிடந்ததைக் கண்ணாடிக்காரர் கொண்டுவந்து பதித்துவிட்டார். சில்லு அந்தப் பச்சை ஓட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்றாள். கண்ணாடிக்காரருக்கு அந்த நேரத்தில் உட்கார்ந்து விசாரிக்க நேரமில்லை. காற்றுக்காலம். இரவெல்லாம் அடித்த காற்றில் ஊரில் பாதி ஜன்னல்கள் சுவரில் மோதி உடைந்திருந்தன. ஓயாமல் போன் அடித்தது. மேஜையில் கம்பளியை விரித்து, கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை வைத்து டைமண்ட் முனைக் கத்தியால் ஒரே இழுப்பாகக் கீறுவார். கீறும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒரே சீராக வந்தால் கண்ணாடி சொன்னபடி உடையும். நடுவில் நின்றுபோனால் அந்தப் பலகையே வீண். பெண்ணை நினைத்துக்கொண்டே கீறியதில் அன்றைக்கு மட்டும் அவர் இரண்டு பலகையை வீணாக்கினார்.

சாயங்காலம், குடையை மடக்கிக்கொண்டே புது டீச்சர் வந்தார். சில்லுவின் வகுப்பு டீச்சர். பள்ளியில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, சின்ன வயசு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சில்லு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார். தப்பு என் மேலதான். தெரிஞ்சு பண்ணல."

"என்ன பண்ணிட்டா எம் பொண்ணு?"

"அவ ஒண்ணும் பண்ணல. எங்க ஸ்கூல்ல ஒரு பேச்சு இருக்கு சார். யாரையாவது இப்ப முடியாது, போன்னு அனுப்பணும்னா பிள்ளைங்க ஒண்ணு சொல்வாங்க. 'அம்மா வேலையா இருக்கேன், அப்புறம் வா.' நான் சேர்ந்தப்பவே இருந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு நான் யாரையும் கேட்டதில்ல. வாட்ச்மேன் சொல்வாரு. ஸ்டாஃப் ரூம்ல நாங்களே சொல்வோம்."

அந்த வாக்கியத்தைக் கண்ணாடிக்காரர் இந்த வீட்டிலேயே கேட்டிருக்கிறார். போன வருஷம் ஒரு நாள், படம் வரைந்துகொண்டிருந்த மகளைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவள் நிமிராமலேயே, "அம்மா வேலையா இருக்கேன், அப்புறம் வா" என்றாள். அவள் அம்மா வீட்டில் அடிக்கடி சொன்ன அதே குரல், கடைசி 'வா'வில் அதே இழுப்பு. கையில் இருந்த தட்டை அவர் கீழே வைத்துவிட்டார். நாலு வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளை, அவள் முகமே போட்டோவில் பார்த்துத்தான் தெரியும் என்று நினைத்திருந்த பிள்ளை, தாயின் பேச்சை மறக்காமல் எங்கேயோ வைத்திருக்கிறது என்று நினைத்தார். அது சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். இப்போது இந்த டீச்சர் பெண் வந்து, அது பள்ளிக்கூடத்துக் கிண்டல் என்கிறாள். வாட்ச்மேன்கூடச் சொல்வாராம்.

டீச்சர் மேலே சொன்னார். போர்டோடு சேர்த்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பின்னப் பாடத்தில் ஒரு கரடி கேக் வெட்டுகிறதாம். "பிள்ளைங்க கரடியத்தான் பாத்தாங்க சார், பின்னத்த யாரும் பாக்கல. பழைய பாடமெல்லாம் ஒரு ஃபோல்டர்ல கெடந்துச்சு. அதுல உங்க வீட்டு டீச்சரோடது ஒண்ணு இருந்துச்சு, அப்ப யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு கை, ஒரு காகிதம், குரல், அவ்ளோதான். நான் நிறுத்தி நிறுத்திப் போட்டேன். மடிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, பிரிச்சா எத்தனை பங்கு இருக்கும்னு கேப்பேன், அப்புறம் ஓட விடுவேன். மொத்தக் கிளாஸும் நோட்டுல இருந்து தாளக் கிழிச்சு மடிக்க ஆரம்பிச்சிருச்சு. அப்படி ஒரு நாள் எனக்கு அமைஞ்சதே இல்ல."

"சரிம்மா, சொல்லு."

"நடுவுல அந்த வார்த்தை வந்துச்சு. அந்தப் பேச்சு பொறந்த எடம் இதுதான்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரே கூச்சல். மேஜையத் தட்டுறாங்க, திரும்பப் போடுங்கன்னு கத்துறாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே திரும்பப் போட்டேன் சார். எல்லாரும் கூடவே சேர்ந்து சொன்னாங்க. சில்லுவும்தான் சொன்னா. எல்லாரையும் விட அவ சத்தம்தான் அதிகம். அப்புறம்தான் கீழ பாத்தா. 'டீச்சர், அது எங்க வீட்டுத் தரை'ன்னா. பச்சையா ஒரு ஓடு தெரியுதுன்னு காட்டுனா. அதுக்கப்புறம்…"

அதற்கு மேல் டீச்சர் என்ன சொல்ல வந்தாரோ, அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அந்தப் பாடம் எடுத்தது எப்போது என்று கண்ணாடிக்காரருக்கு நன்றாகத் தெரியும். நோய்க்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வருஷம். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. பாடத்தைப் போனில் பிடித்து அனுப்புங்கள் என்று டீச்சர்களுக்கு உத்தரவு வந்தது. கணக்கு டீச்சரான அவர் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு திணறினாள். எழுதும்போது போனை யார் பிடிப்பது? அவர்தான் வழி சொன்னார். இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே ஒரு கண்ணாடியைக் குறுக்கே போட்டு, அதன் மேல் கேமரா கீழே பார்க்கும்படி போனை வைத்தார். கண்ணாடிக்குக் கீழே தரையில் தாளை விரித்து அவள் எழுத எழுத அது படமாகும். பிள்ளை கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாதென்று கண்ணாடியின் ஓரங்களைக் கல்லில் தேய்த்து மழுக்கியும் கொடுத்தார். அவள் முகம் எந்தப் பாடத்திலும் வராது. கை மட்டும்தான்.

ஊரில் எல்லோருக்கும் வேலை போன அந்த வருஷத்தில் அவருக்கு மட்டும் வேலை குவிந்து கிடந்தது. மருந்துக்கடை, வங்கி, தபால் ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி வேண்டும் என்றார்கள். காலையில் போனால் இருட்டித்தான் வீடு. அவள் எப்படிப் பாடம் எடுத்தாள், பிள்ளையை எப்படிச் சமாளித்தாள் என்று ஒரு நாளும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. கடைசியில் காய்ச்சல் வந்தது. அவருக்கு வந்து போய்விட்டது. அவளுக்கு வந்தது போகவில்லை. ஊரெல்லாம் தடுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, நோயை நான்தானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்ற நினைப்பு இன்றைக்கும் அவரை விடவில்லை. அவள் போன் மேஜையில் கிடந்தால் எந்த நேரமும் அடிக்கும் போலவே இருந்தது. தாங்க முடியாமல் ஒரு நாள் எடுத்துப்போய்ப் போன் கடையில் தள்ளிவிட்டு வந்துவிட்டார். பாடங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன என்று தெரியும். ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. கேட்கத் தெம்பில்லை.

"பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடா," என்றாள் அக்கா மறுநாள் காலையில்.

"என்னத்தக் கேக்குறதுக்கா? கேட்டாத்தான் வாயத் தொறக்க மாட்டேங்குறாளே. ஒரு ஸ்கூலே சேர்ந்து அவ அம்மாவச் சொல்லிச் சிரிக்குது. அந்த எடத்த வெட்டி எடுத்துருங்கன்னு சொல்லிட்டு வந்துர்றேன். அதுக்கப்புறம் பேச்சும் தானா அடங்கிரும்."

அக்காவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஹெச்.எம். அம்மா அவர் சொன்னதைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டார். உடனே கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்ப்யூட்டர் சார் சுத்தமான ஆள். சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது, மேஜையில் ஒரு தூசி இருக்காது. அவருக்கு அந்தப் பாடத்தின் மீது முன்பே ஒரு குறை. "நானே சொல்லணும்னு இருந்தேன். வீட்டுச் சத்தமெல்லாம் வர்ற பாடத்தப் பெரிய போர்டுல போட்டா நல்லாவா இருக்கு? அஞ்சு நிமிஷ வேலை சார்," என்றார். அவர் உட்கார்ந்து மௌஸைத் தொட்டதும் ஒரு பிள்ளை வாசலில் வந்து, சார், ஹெட்போன் வேணும் என்றது. அவர் திரும்பாமலே, "அம்மா வேலையா இருக்கேன், அப்புறம் வா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்பது யார் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தார். கண்ணாடிக்காரர் அதைக் கேட்காதது போல ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

"ஒரு தடவை பாத்துடறீங்களா சார்? எங்கேருந்து எதுவரைக்கும் எடுக்கறதுன்னு."

"வேணாம். நீங்களே பண்ணிருங்க."

"அந்தப் பேச்சுக்கு முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் சேர்த்தே எடுத்துடறேன். அப்பதான் ஒட்டு தெரியாது."

"செய்ங்க."

அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். அந்த வராந்தாவின் ஜன்னல்கள் எல்லாம் அவர் மாட்டியவை. ஒவ்வொன்றாக ஓரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. கதவு சாத்தியிருந்ததால் வார்த்தை புரியவில்லை, ராகம் மட்டும் வந்தது. அவர் படி இறங்கி மழைக்குள்ளேயே போய் நின்றுகொண்டார். கம்ப்யூட்டர் சார் வந்து முடிந்தது என்று சொன்னபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டார். மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தார்.

"இனிமே ஸ்கூல்ல யாரும் அதச் சொல்ல மாட்டாங்கடா. அந்த எடத்த எடுத்தாச்சு."

சில்லு நிமிர்ந்தாள். "எந்த எடத்த?"

"அம்மா அதச் சொல்ற எடத்த."

"முழுசாவா?"

"முழுசா. அதுக்கு முன்னாடி பின்னாடியும் சேர்த்து."

"கையையுமா?"

"என்ன கை?"

"என் கைப்பா." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அம்மா மடிச்ச தாள எடுக்க ஒரு சின்னக் கை வந்துச்சே. அம்மா கை வந்து அத அப்படியே தள்ளி விட்டுச்சே. அதயுமா எடுத்துட்ட?"

கண்ணாடிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அடுப்படியில் இருந்த அத்தை கரண்டியோடு வந்து நின்றாள்.

அதற்குப் பிறகுதான் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா என்று தெரியாமல் அத்தனை வருஷம் அம்மாவைக் கிண்டல் பண்ணிவிட்டோமே என்று முதலில் அழுகையாக வந்ததாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகாதது அதனால் இல்லை. எல்லோரும் கத்திய கத்தலில் அவளால் அதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. தனியாக ஒரு தடவை பார்க்க வேண்டும். டீச்சரிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வகுப்பில் மறுபடி போட்டால் மறுபடி எல்லோரும் கத்துவார்கள். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டேதான் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தாளாம்.

"அம்மாவும் நானும் சேர்ந்து இருக்கிறது வேற எதுலயும் இல்லல்லப்பா," என்றாள்.

இல்லைதான். போட்டோக்கள் இருந்தன, எல்லாவற்றிலும் யாராவது ஒருவர்தான் இருந்தார்கள். அம்மா பிள்ளையை எடுத்தது, அப்பா அம்மாவை எடுத்தது. சேர்த்து எடுக்க நினைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் செருப்பைப் போடாமலே ஓடினார். கம்ப்யூட்டர் சார் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். இவர் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து அவர் பயந்துபோனார். விஷயம் புரிந்ததும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். மறுபடி அறையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். போர்டில் தேடினார். மேஜை இழுப்பறையில் கிடந்த பென் டிரைவ்களையெல்லாம் செருகிச் செருகிப் பார்த்தார்.

"இடமே இல்ல சார் இதுல. கம்பெனிப் பாடம் முழுக்க அடைச்சு வச்சிருக்கு. அதான் பழசு மேலயே சேவ் பண்ணிட்டேன். வழக்கமா ஒரு காப்பி எடுத்து வைப்பேன் சார். இது வேண்டாததுதானேன்னு…" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். "நான் பாத்தேன் சார், ஒரு குழந்தை கை வந்துச்சு. நீங்க அதத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

கோபப்படுவதற்குக்கூட ஆள் இல்லை. கேட்டது இவர், செய்தது அவர். இருவரும் அந்தச் சுத்தமான மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள்.

புது டீச்சர் விடவில்லை. அந்த வருஷத்தில் பாடம் போன வாட்ஸ்அப் குழுக்கள் எவை, அதில் இருந்த பெற்றோர்கள் யார் என்று தேடித் தேடிப் பிடித்தார். பலர் போனை மாற்றியிருந்தார்கள். சிலர் குழுவை எப்போதோ அழித்துவிட்டிருந்தார்கள். ஒருவர் வீட்டைவிட்டே போயிருந்தார். கடைசியில் ரொட்டிக்கடைக்காரம்மாவின் பழைய போனில் அந்தக் குழு இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக்காரர் போனார். அந்தம்மா கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு, விரிசல் விழுந்த போனைத் தேடி எடுத்து, சார்ஜில் செருகி, மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். எங்க பையனுக்குப் பின்னமே உங்க வீட்டு டீச்சராலதான் வந்துச்சு என்று சொல்லிக்கொண்டே தள்ளினார்.

வந்துவிட்டது. தேதி சரி. மங்கலாக ஒரு சதுரம். நடுவில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. அந்தம்மா தொட்டதும் அது வட்டமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் தலையைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு, இந்தப் படம் இப்போது கிடைக்காது, அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று எழுத்து வந்தது.

"அனுப்பினவங்களயே…" என்று வாய்விட்டுப் படித்த அந்தம்மா பாதியில் நிறுத்திவிட்டார்.

சில்லு போனை வாங்கி அந்த மங்கலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தள்ளி வைத்தும் பார்த்தாள். வெளுப்பாகத் தெரிந்தது தாளாக இருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தம்மா கொடுத்த பன்னை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் நடந்தாள். வழி நெடுக அவர் கையைப் பிடிக்கவில்லை.

அவளாகவே ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். யாரும் சொல்லவில்லை, கெஞ்சவுமில்லை. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஆனால் அத்தையிடம் மட்டும். அப்பாவிடம் வேண்டிய அளவுக்குத்தான். சோறு போடவா என்றால் போடு. நோட்டு வேண்டுமா என்றால் வேண்டும். முகம் கொடுத்து ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடிக்காரர் காலையில் வேலைக்குப் போனார், சாயங்காலம் வந்தார். காற்று அடங்கியிருந்தது. உடைந்ததையெல்லாம் மாற்றி முடித்துவிட்டதால் வேலையும் குறைந்துவிட்டது. கடையில் சும்மா உட்கார்ந்து துண்டுக் கண்ணாடிகளை அளவு பார்த்து அடுக்கினார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார். அவர் கை தொட்டால் எல்லாம் போய்விடும் என்று யாரோ காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பரீட்சைக்கு முன்னால் புது டீச்சர் பின்னத்தை ஒரு தடவை திருப்பி நடத்தினார். கரடியைப் போடலாமா என்று யோசித்ததாகவும், கடைசியில் சில்லுவின் அம்மா எடுத்த பாடத்தையே போட்டதாகவும் பிறகு அத்தையிடம் சொன்னார்.

அன்றைக்குக் கண்ணாடிக்காரர் சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்தார். அத்தை இன்னும் கம்பெனியில் இருந்து வரவில்லை. சில்லு சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அடுப்பில் தண்ணீர் வைத்தார். அவள் நிமிராமலேயே பேசினாள்.

"இன்னிக்கு அந்தப் பாடம் போட்டாங்க."

"ம்."

"அம்மா அதச் சொல்லவே இல்ல. தாள் ஒரு மடிப்புல இருந்துச்சு, டக்குனு ரெண்டு மடிப்புக்குப் போயிருச்சு. ஆனா எல்லாரும் சரியா அந்த எடத்துல சொன்னாங்கப்பா."

"கத்துனாங்களா?"

"கத்தல. சும்மா சொன்னாங்க. டீச்சர் எதுவும் சொல்லி வைக்கல. அவங்களாவே சொன்னாங்க."

"நீ?"

"நானும்தான்."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். இத்தனை நாளும் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டதை ஒரு வழியாகக் கேட்டார்.

"அது எப்படி இருந்துச்சுடா? எனக்குச் சொல்லேன். நான் பாக்கல."

பென்சில் நின்றது. "பாக்காமயா எடுக்கச் சொன்ன?"

"ஆமா. பாக்கத் தெம்பில்ல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, நோட்டின் நடுவில் இருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அதை இரண்டாக மடித்துத் தரையில் வைத்தாள். அவர் வலது கையை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள். கண்ணாடி கீறிய தழும்புகள் ஏறிப்போன கை. அதை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரி பார்த்தாள்.

"நீ அம்மா. அம்மா கை இங்க இருக்கும். மடிச்சுட்டு இப்படி நீவி விட்டுக்கிட்டே இருப்பாங்க. நீவு."

அவர் நீவினார்.

"இப்ப நான் வருவேன்."

இடது பக்கத்தில் இருந்து அவள் கை தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. நாலு வயதுக் கை என்று காட்டுவதற்காக விரல்களை மடக்கிச் சின்னதாக்கி வைத்திருந்தாள். அது தாளின் ஓரத்தைப் பிடித்தது. அவர் கை அதன் மேல் விழுந்து மூடிக்கொண்டது.

"பிடிக்கக் கூடாதுப்பா."

"சரிடா."

"விடு. திரும்ப வர்றேன்."

மறுபடி வந்தது. மறுபடியும் அவர் விரல்கள் தாமாகவே அதைப் பிடித்துக்கொண்டன. விடச் சொன்னாலும் விட வரவில்லை. அவர் தோள் குலுங்கியதை அவள் பார்த்தாள். கையை உருவிக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விட்டாள்.

"அம்மா பிடிச்சுக்கலப்பா," என்றாள், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் போலப் பொறுமையாக. "தள்ளித்தான் விட்டாங்க. நீயும் தள்ளி விடு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சின்ன விரல்கள் மூன்றாம் தடவை தாளைத் தொட்டபோது, புறங்கையால் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"இல்ல, இன்னும் மெதுவா," என்றாள் சில்லு. கையை மறுபடி கொண்டுவந்தாள்.